பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

கேள்வி: தார் ரோடு முடிந்த பிறகு பதினெட்டு கிலோமீட்டர் மண்பாதை. கல், குழி, மழை பெய்தால் சேறு. சாமான் ஏற்றிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். இரண்டு பழைய டீசல் பிக்கப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே பத்து வருடம் ஓடியவை. ஒன்று மீட்டரில் 90,000 கிலோமீட்டர், பெயிண்ட் புதிது போல இருக்கிறது. இன்னொன்று 2,10,000, உடம்பெல்லாம் கீறல், ஆனால் சர்வீஸ் செய்த ரசீது எல்லாம் வைத்திருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அதற்கு முன் இரண்டு வண்டிக்கும் அடியில் ஒரு டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். மோசமான பாதையில் பிக்கப்பின் உயிர் எஞ்சினில் இல்லை, மொத்த வண்டியையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், கதவைக்கூட மாற்றலாம். உள்ளுக்குள் துரு தின்ற சேஸிஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பின் ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடம், ஓட்டுநர் கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவே உள்ள பகுதி, ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்தியிருக்கும் இடம். பளு ஏற்றி குழியில் இறங்கி ஏறும்போது முறுக்கம் எல்லாம் இங்கேதான் வந்து சேருகிறது, விரிசலும் இங்கேதான் தொடங்கும். சின்ன சுத்தியலால் சேஸிஸ் நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் தொப்பென்று அமுங்கிக் கேட்கும். சேஸிஸ் குழாய் போல உள்ளே வெற்றாக இருக்கும் வண்டிகளில் சேறு உள்ளே புகுந்து காயாமல் கிடக்கும், அதனால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியில் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பிக்கப் வாங்கினேன், அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது, அக்கறையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். நாலு மாதம் கழித்து வலது பின் ஸ்பிரிங் பக்கத்தில் பெயிண்ட் உரிந்தபோது உள்ளே ஒரு ஜாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, அதன் ஓரத்தில் தலைமுடி போல ஒரு புது விரிசல். அன்றிலிருந்து அடியில் புதுப் பெயிண்ட் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான். தூசியும் காய்ந்த சேறுமாக, இரும்பு கண்ணுக்குத் தெரிகிற வண்டியே மேல்.

அடுத்தது ஸ்பிரிங் பட்டைகள். காலி வண்டியில் பட்டை வளைவாக இருக்க வேண்டும், தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருந்தால் வண்டி தாங்கக்கூடியதைவிட அதிகம் சுமந்திருக்கிறது. நடுவில் பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட் முறிந்தால் பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஈர மண்ணில் பத்து மீட்டர் நேராக ஓட்டச் சொல்லி இறங்கித் தடத்தைப் பாருங்கள். பின் சக்கரத் தடம் முன் தடத்தை விட்டு ஒரே பக்கமாக விலகிப் போகிறது என்றால் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது சேஸிஸே வளைந்திருக்கிறது.

மீட்டர் விஷயம்: 90,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பரின் வரி தேய்ந்து வழுவழுப்பாகி, சீட்டின் ஏறும் பக்க ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங் பளபளத்து இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ரசீதோடு வரும் 2,10,000 உண்மையான எண், நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் எஞ்சினுக்கு அது பெரிய வயதும் இல்லை. வாங்கியதும் எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள், கியர் பாக்ஸ், அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் உட்பட. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால் அதையும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இந்தச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் வண்டி தேடுங்கள்.

கேள்வி: நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கட்டாயம் வேண்டுமா?

பதில்: காய்ந்த கல் பாதை மட்டும் என்றால் வேண்டாம், அடிப்பகுதி தரையிலிருந்து உயரமாக உள்ள, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல் டிரைவ் போதும். சேறும் ஏற்றமும் சேர்ந்தால் வேண்டும். பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசாகிவிடுகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் லோ ரேஞ்ச் கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி மெதுவாக இறக்கும், அந்த நிதானம் பளுவோடு போகிறவருக்குத்தான் புரியும்.

பார்க்கும்போது மண் தரையில் வைத்து 4எச் (நாலு சக்கரம், சாதாரண வேகம்), 4எல் (நாலு சக்கரம், லோ ரேஞ்ச்) இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் லீவர் இறுகிப்போன வண்டிகள் நிறைய. தேவைப்படும்போது மட்டும் முன் அச்சை இணைக்கிற பார்ட்-டைம் வகையை நல்ல தார் ரோட்டில் நாலு சக்கரத்தில் ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகின்றன, அந்த வித்தியாசம் சறுக்கித் தீர இடமில்லாமல் கியர்களை முறுக்கும்.

கேள்வி: பார்த்த வண்டியில் பெரிய டயர் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: நான் தவிர்ப்பேன். டயர் பெரிதானால் பிரேக்கும் வீல் பேரிங்கும் கூடுதலாக உழைக்கும், இழுவை குறையும், வேகமானியும் குறைத்துக் காட்டும். கம்பெனி சொன்ன அளவிலேயே பக்கச்சுவர் கனமான டயர் போதும். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் நிறைய இருந்தும் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்பு ஓடினால் அந்த டயர் கல்லில் கிழியும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் எஞ்சின் தலைப்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

அப்புறம் உங்கள் பாதை மாதிரியே ஒரு மோசமான பாதையில், பாட்டு இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது அடியில் டக்கென்று கேட்டால், எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் பால் ஜாயிண்ட், டை ராட் எல்லாம் பட்டறையில் தூக்கிப் பார்க்க வேண்டும். மண்பாதைக்கு வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கடைசியாக, சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்து ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் அரத்தால் தேய்த்த தடமோ வெல்டிங்கோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.