சூப்பர்ஹீரோ காமிக்ஸை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன். மார்வெல், டீசி படங்கள் பெரும்பாலும் பார்த்தாயிற்று. காமிக்ஸ் வாசிக்க ஆசை. ஆனால் ஆயிரக்கணக்கான இதழ்கள், ஏகப்பட்ட பிரபஞ்சங்கள். முதலாம் இதழிலிருந்தே வரவேண்டுமா?

வேண்டாம். பதுளை ரயிலில் ஏறுவதற்காக ஹட்டன்காரர் யாரும் கோட்டை ஸ்டேஷனுக்குப் போவதில்லை. 1938இன் சூப்பர்மேனிலோ 1962இன் ஸ்பைடர்மேனிலோ தொடங்கி வரிசையாக வரப் பார்த்தால் ஐம்பது இதழுக்குள் களைத்துவிடுவீர்கள். அந்தக் காலத்து எழுத்து அப்படி. படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே பாத்திரம் இன்னொரு தடவை வாயாலும் சொல்லும்.

நீங்கள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர், ஆங்கிலம் சுமாராக வரும், மாதம் ஒரு புத்தகத்துக்கு மேல் காசு கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் விலை விஷயங்களைத் தாண்டிப் போங்கள்.

குழப்பத்தின் வேர் நம் வாசிப்புப் பழக்கத்தில் இருக்கிறது. முத்து, லயன் என்ற தமிழ்க் காமிக்ஸ்கள் வாசித்து வந்தவர்களுக்கு நாயகன்தான் கணக்கு. இரும்புக்கை மாயாவி எந்தப் புத்தகத்தில் வந்தாலும் எடுத்து வாசிக்கலாம். (லயனில் வந்த ஸ்பைடர் வேறு ஆள். அவர் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர், ஸ்பைடர்மேனுக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) அமெரிக்கக் காமிக்ஸில் எழுத்தாளரைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு பாத்திரத்தை ஏற்று நடத்தி முடிக்கும் காலத்தை ‘ரன்’ என்பார்கள். நீங்கள் தேட வேண்டியது நல்ல ரன் ஒன்றின் முதல் தொகுதி, அதாவது பல இதழ்களைச் சேர்த்துக் கட்டிய புத்தகம்.

அட்டையில் ‘1’ என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ என்ற ஒரே பெயரில் 1963, 1999, 2014, 2015, 2018, 2022 என்று பல முதலாம் இதழ்கள் உண்டு. 1999இல் தொடங்கிய வரிசை நடுவழியில் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பி 2003இல் 500ஆம் இதழ் என்று வந்தது. ஆகவே பெயர், தொடர் தொடங்கிய ஆண்டு, எழுத்தாளர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் எந்தெந்த இதழ்கள் அடங்கியுள்ளன என்று போட்டிருப்பார்கள். வாங்குமுன் அதைப் பார்க்காமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். இரண்டாம் தொகுதியை வேறொரு வரிசையிலிருந்து வாங்கிவிட்டு, கதை ஒட்டவில்லையே என்று முழிப்பார்கள்.

இந்த ‘மறுதொடக்கம்’ விஷயத்தை மலைநாட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம். தேயிலைச் செடியின் கிளைகளை மட்டும் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுவதும் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதும் ஒன்றல்ல. மார்வெல் பெரும்பாலும் கவ்வாத்து வெட்டுகிற கம்பெனி. இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும், வேர் பழையதே. டீசி சில தடவை பிடுங்கியே நட்டது. 1985-86இல் 12 இதழ்களாக வந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ கதைகளில் தனித்தனி உலகங்களாக இருந்த பல பூமிகளை ஒன்றாக்கியது. 2011இல் ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ முடிந்ததும் 52 தொடர்களை ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். அதிலும் பேட்மேன், கிரீன் லான்டர்ன் என்ற இரண்டு செடிகளை முழுசாகப் பிடுங்க மனம் வரவில்லை. அதனால் களமிறங்கி ஐந்தே வருடமான பேட்மேனுக்கு, ராபின் என்ற பெயரில் வரும் இளம் துணையாள் நாலு பேர் என்று கணக்கு இடித்தது. அந்தக் கணக்கு உங்களுக்கு உதைத்தால் பிழை உங்களிடம் இல்லை. அவர்களுக்கே சரிவரவில்லை.

இனிப் புத்தகங்கள். பேட்மேன் பிடிக்குமென்றால் ‘இயர் ஒன்’. 1987இல் பேட்மேன் 404 முதல் 407 வரை நாலே இதழ். எழுத்து ஃப்ராங்க் மில்லர், படம் டேவிட் மாஸுக்கெல்லி. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். ஒரே சிக்கல், பேட்மேனாகும் புரூஸும் பொலிஸ்காரர் கோர்டனும் மாறி மாறி மனதுக்குள் பேசுவார்கள். வசனப் பெட்டியின் நிறத்தையும் கையெழுத்தையும் பார்த்தால் யார் என்று பிடிபடும். அடுத்ததாக ஸ்காட் ஸ்னைடர், கிரெக் கப்புல்லோவின் ‘கோர்ட் ஆஃப் அவுல்ஸ்’. முதல் தொகுதியில் 1 முதல் 7 வரை வரும், ஆனால் கதை 11ஆம் இதழில்தான் முடியும். ஆகவே இரண்டு தொகுதியும் வேண்டும். நடுவில் ‘நைட் ஆஃப் த அவுல்ஸ்’ என்று மற்றத் தொடர்களுக்குள் கிளை போகும். அந்தக் கிளையில் ஏறாதீர்கள், மூலக்கதை அது இல்லாமலே புரியும். மூலக்கதையின் நடுவில் சில பக்கங்களில் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டியிருக்கும். அது அச்சுப் பிழை இல்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலம் பயமென்றால் 2014இன் ‘மிஸ் மார்வெல்’. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை கமலா கான். இரவில் வெளியே போனதற்கு வீட்டில் விழும் ஏச்சு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பழக்கமானதுதான். முதல் தொகுதி ஐந்து இதழ்.

ஸ்பைடர்மேனுக்கு இரண்டு நல்ல வாசல் உண்டு. 2000இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ ஒன்று. பழைய வரலாற்றின் பாரம் இல்லாத தனி உலகம், முதல் கதை ஏழு இதழ். அதே பெயரில் 2024இல் ஜோனதன் ஹிக்மன் எழுதியது இன்னொன்று. அதில் பீட்டர் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர். இரண்டும் வேறு வேறு உலகம் என்பதால் கடைக்காரரிடம் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

எக்ஸ்-மென்தான் கஷ்டம். 2019இன் ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ ஆறும் ஆறும் பன்னிரண்டு இதழ். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுத்தால் கெட்டது. இரண்டையும் பின்னித்தான் வாசிக்க வேண்டும். ஒன்றாகக் கட்டிய தொகுதியில் வரிசை சரியாக இருக்கும். இதை முதல் புத்தகமாக நான் சொல்லமாட்டேன். சொல்பவர்கள் சொல்லட்டும்.

‘வாட்ச்மென்’ எங்கே என்று கருத்துப் பகுதியில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அது சூப்பர்ஹீரோ கதைகளையே விசாரணைக்கு நிறுத்தும் புத்தகம். குற்றவாளி யாரென்றே தெரியாதவருக்கு விசாரணை எதற்கு? இருபது புத்தகம் போகட்டும்.

பிரபஞ்சமே ஒன்றுசேரும் ‘ஈவன்ட்’ கதைகள் படங்களுக்குத்தான் வசதி. காமிக்ஸில் அவை பத்துத் தொடர்களின் வால்களை ஒன்றாக முடிந்த முடிச்சு. ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு இன்ன இதழைப் பார்க்க என்று இருந்தால் பார்க்கவேண்டாம். தேவையானது அடுத்த பக்கத்தில் வசனமாகவே வந்துவிடும்.

காசு விஷயம். தனி இதழில் கதை 20 பக்கம் அளவுதான், பஸ் வருமுன் முடிந்துவிடும். ஐந்தாறு இதழ் சேர்ந்த மெல்லட்டைத் தொகுதிதான் உங்களுக்குக் கட்டும். ‘ஆம்னிபஸ்’ என்ற குண்டுப் புத்தகத்தை இணையத்தில் வாங்கினால் அனுப்பும் கூலி விலையை எட்டிப் பிடிக்கும். செப்டெம்பர் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் பெயர், ஆண்டு, எழுத்தாளர் மூன்றையும் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போனில் வாசிக்க ‘மார்வெல் அன்லிமிடெட்’ என்ற சந்தாச் செயலி உண்டு. புதிய இதழ்கள் கடைக்கு வந்து சுமார் மூன்று மாதம் கழித்துச் சேரும். சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் வாசிக்கலாம். இரட்டைப் பக்கப் படம் வந்தால் போனைச் சாய்த்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் வசன வரிசை மாறிப்போகும்.

தபாலில் எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை, கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் இன்னும் பலதற்குச் சொந்த முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவு என்று எழுதினால் பார்சல் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வரும், யார் எப்போது கொடுப்பார்கள் என்று சொல்லமுடியாது. நேர்முகப் பரீட்சைக் கடிதமே திகதி போனபிறகு கைக்கு வரும் இடத்தில் பேட்மேனுக்கு யார் அவசரப்படப் போகிறார்கள்! இருநூறு வருடமாகத் தேயிலைக்கும் கோப்பிக்கும் உழைத்த சனத்துக்கு வீட்டு இலக்கம் ஒன்று போட இவ்வளவு யோசனையா? டவுனில் தெரிந்த கடை முகவரியைக் கொடுங்கள், போன் நம்பரைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

வந்த புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டி அடுக்கக்கூடாது. வழவழப்பான தாள் ஈரத்தை இழுத்து அலை அலையாக நெளியும், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிறகு பிரித்தால் மை உரியும். அடுப்பங்கரைப் பக்கமும் வேண்டாம், புகைக்குத் தாள் மஞ்சளாகும். நிமிர்த்தி வைத்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பைகள் இரண்டைப் பக்கத்தில் போடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இது பெரிய தலையிடி. பண்டாரவளை கொஞ்சம் காய்ந்த ஊர், உங்களுக்கு இந்த வேலை குறைவு.