வாசகர் கேள்வி – பதில்: ஜேர்சியில் இருக்கிற பெயர் கொப்பியிலும் இருக்கவேண்டும்

ஊர்க் கழகங்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் போன இதழில் ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: உதைபந்தாட்டக் கழகத்துக்கு அங்கத்தவரைச் சேர்ப்பது எப்படி, சேர்ந்தவரை வைத்திருப்பது எப்படி? நானும் ஒரு கிராமத்துக் கழகத்தில் பல வருடம் பொருளாளராகவும் பிறகு செயலாளராகவும் இருந்தவன். அந்த அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கழகப் பதிவேட்டில் 64 பேர். போன வருடம் சந்தா கட்டியவர்கள் 17 பேர். பொதுக்கூட்டத்துக்கு 11 பேர்தான் வந்ததால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை) இல்லாமல் இரண்டு தடவை தள்ளிவைத்தோம். புதிய ஆட்களைச் சேர்க்க என்ன வழி?
— ஒரு கழகச் செயலாளர், விசுவமடு

தம்பி, புதிய ஆட்களை இப்போதைக்கு விடுங்கள். சந்தா கட்டாத அந்த 47 பேரின் வீட்டுக்கும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், ஆனால் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். நான் பொருளாளராக இருந்த காலத்தில் புத்தகத்தோடு போய் ஒரு வீட்டுப் படலையில் நின்றபோது, ஒரு காலத்தில் எங்கள் அணிக்குப் பின்வரிசையில் தூணாக நின்ற மனிசன், "கால் முறிஞ்சு மூண்டு மாசம் கிடந்தன், அப்ப ஒருத்தரும் வரேல்லை, இப்ப சந்தாவுக்கு வாறியள்" என்று சொன்னார். அவர் கழகத்துக்காக விளையாடித்தான் காலை முறித்துக்கொண்டவர். எனக்குத் திரும்பச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கவில்லை. அதற்குப் பிறகு நிர்வாகசபையில் இரண்டு பேருக்கு இதையே வேலையாகக் கொடுத்தோம்: அங்கத்தவர் வீட்டில் வருத்தம், செத்தவீடு, கலியாணம், பிள்ளை பல்கலைக்கழகம் எடுபட்டது என்று எது நடந்தாலும் கழகத்தின் பெயரில் யாராவது போய் நிற்கவேண்டும். பந்தல் போட நான்கு பொடியள், கதிரை ஏற்ற ஒரு லாண்ட்மாஸ்டர், அவ்வளவுதான் செலவு. சந்தா அதற்குப் பிறகு தானாக வரத் தொடங்கியது.

சந்தா கேட்கிற காலத்தையும் யோசியுங்கள். தை மாதம் முதலாம் திகதி வருடச் சந்தா கட்டு என்று யாப்பில் எழுதிவைத்தால், வயலில் பசளைக்கும் மருந்துக்கும் கடன்பட்டு நிற்கிறவன் எங்கே போவான்? காலபோகம் வெட்டி நெல் விற்ற கையோடு, மாசி பங்குனியில் கேளுங்கள். கடலுக்குப் போகிறவரிடமும் கூலி வேலைக்குப் போகிறவரிடமும் கிழமைக்கோ மாதத்துக்கோ சின்னத் தொகையாக வாங்குங்கள். தொகை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், கட்டுகிற முறை மட்டும் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறட்டும். நன்றாக விளையாடுகிற பொடியனிடம் சந்தா கேட்காமல் விடுவதும் கூடாது, அவனைப் பார்த்துத்தான் மற்றவன் கட்டாமல் விடுகிறான்.

அப்புறம் ஒரு விஷயம். கட்டாதவர்களின் பெயரை வாசிகசாலைப் பலகையிலோ வட்ஸ்அப் குழுவிலோ போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெயரைப் போட்ட அன்றைக்கு இரண்டு பேர் வெட்கப்பட்டுக் கட்டுவார்கள், பத்துப் பேர் இனி அந்தப் பக்கமே வரமாட்டார்கள். பலகையில் போடவேண்டியது வரவும் செலவும்: பந்துக்கு எவ்வளவு, கோடு போடச் சுண்ணாம்புக்கு எவ்வளவு, மத்தியஸ்தருக்கு எவ்வளவு, வான் வாடகை எவ்வளவு என்று மாதா மாதம் போடுங்கள். தன் காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கிறவன் அடுத்த மாதமும் தருவான்.

17 பேர்தானே என்று மனம் தளரவேண்டாம். இன்றைக்கு உலகமே அறிந்த பார்சலோனா கழகம் 1899இல் தொடங்கி ஒன்பது வருடத்துக்குள், 1908இல், 38 அங்கத்தவருக்கு வந்து நின்றது. இனி மூடிவிடலாம் என்ற கட்டம். கழகத்தைத் தொடக்கியவரான ஹான்ஸ் கம்பர் தலைவர் பொறுப்பைத் தானே எடுத்து, ஆள் ஆளாகப் பிடித்து, அடுத்த வருடமே கழகத்துக்கென்று சொந்தமாக ஒரு மைதானத்தையும் எடுத்தார். இன்றைக்கு அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்கள் இருக்கிறார்கள், தலைவரை அவர்கள்தான் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். 1990இல் ஸ்பெயினில் வந்த விளையாட்டுச் சட்டத்தால் தொழில்முறைக் கழகங்கள் அநேகமாக எல்லாமே கம்பனிகளாக மாறவேண்டி வந்தபோதும், பார்சலோனா, றியல் மட்ரிட், அத்லெட்டிக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்கும் அங்கத்தவர் கையிலேயே நின்றன.

பன்னிரண்டு வருடமாக ஊர்க் கழகத்துக்குக் காசு அனுப்புகிறேன். ஜேர்சி, கோல் வலை, தண்ணீர்த் தாங்கி, போன வருடம் மைதானத்துக்கு விளக்கு. நிர்வாகத் தெரிவில் எனக்கு வாக்கு இல்லையாம். இது நியாயமா?
— முள்ளியவளையைச் சேர்ந்தவர், சுவிஸ்

அண்ணை, உங்கள் மனவருத்தம் நியாயமானது. இரவு வேலையும் செய்து மிச்சம் பிடித்து அனுப்பிய காசு அது என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டும், அங்கத்தவர் இலக்கம் இருக்கவேண்டும், கணக்கு உங்களுக்கும் வரவேண்டும். ஊரில் இருப்பவன் கட்டுகிற அதே சந்தாவை நீங்களும் கட்டினால், அவனுக்கு இருக்கிற மாதிரி ஒரு வாக்கும் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. வைபரில் கூட்டத்தைக் காட்டி வாக்கு எடுப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. யாப்பில் ஒரு திருத்தம் போதும், அதைப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் விளக்குப் போட்டதற்காக இரண்டாவது வாக்குக் கேட்கக்கூடாது. ஜேர்மனியில் 1998இலிருந்து ஒரு விதி இருக்கிறது: வெளியார் எவ்வளவு முதல் போட்டாலும், கழகத்தின் வாக்குப் பலத்தில் பாதிக்கு மேல் அங்கத்தவர் அமைப்பிடமே இருக்கவேண்டும். ஐம்பதோடு ஒன்று என்று சொல்வார்கள். மிகச் சில கழகங்களுக்கு விதிவிலக்கு உண்டு. 2009இல் தொடங்கிய லைப்சிக் கழகம் விதியை எழுத்தில் காப்பாற்றிக்கொண்டு, வாக்குரிமை உள்ள அங்கத்தவர்களை மிகச் சிறு தொகையாக, அதுவும் பெரும்பாலும் அதற்கு முதல் போட்ட றெட் புல் என்ற பானக் கம்பனியோடு தொடர்புள்ளவர்களாகவே வைத்திருந்தது. மற்ற ஊர் ரசிகர்கள் அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

வெளிநாட்டுக் காசில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காசு வெளியிலிருந்து வரத் தொடங்கினால் இங்கே செயலாளர் வீடு வீடாகப் போவதை விட்டுவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு கழகத்தில் அப்படித்தான் நடந்தது. அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு அங்கே வேலை போனதும் இங்கே மின்சாரக் கட்டணம் கட்ட ஆளில்லை, கம்பத்தில் விளக்கு இருக்கிறது, மைதானம் இருட்டு. அதனால் உங்கள் காசை ஒருமுறைச் செலவுக்கு, மதில், விளக்கு, கோல் கம்பம் மாதிரியானவற்றுக்குக் கொடுங்கள். பந்துக்கும் மின்சாரத்துக்கும் பயணத்துக்கும் ஊர்ச் சந்தாவிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நாங்கள் 16 பிள்ளைகள் கழகத்தின் பெயரில் பெண்கள் அணியாக விளையாடுகிறோம். அங்கத்தவர் படிவம் கேட்டால் "பிறகு பாப்பம்" என்கிறார்கள்.
— ஒரு வீராங்கனை, மல்லாவி

தங்கச்சி, கழகத்தின் பெயரை உங்கள் ஜேர்சியில் போடலாமென்றால் உங்கள் பெயரைக் கழகக் கொப்பியில் போட என்ன தடை? பதினாறு பேரும் கையெழுத்து வைத்துச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தருக்கும் கொடுங்கள், சந்தாக் காசையும் கூடவே கட்டி, பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பதினெட்டு வயது வந்தவர்கள் நிர்வாகசபைக்கும் போட்டியிடுங்கள். பயிற்சி நேரம், இருட்டுமுன் வீடு போவது, மைதானத்தில் ஒரு மலசலகூடம் இதெல்லாம் உங்களில் ஒருவர் கூட்டத்தில் இருந்தால்தான் பேசப்படும்.

இதை வாசிக்கிற நிர்வாகிகளுக்கும் சொல்கிறேன்: ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அந்த வீட்டு அம்மா, அப்பா, பெரியம்மா எல்லாரும் மைதானத்துக்கு வருவார்கள். ஆள் இல்லை என்று அழுகிற கழகம் பதினாறு வீட்டை வெளியே நிறுத்திவைத்திருக்கிறதே!

வயது 61. முழங்கால் போய்விட்டது. இளம் பொடியன்களுக்கு என்னை யாரென்றே தெரியாது. இனியும் நான் சந்தா கட்டத்தான் வேண்டுமா?
— ஒரு பழைய விளையாட்டுவீரர், புதுக்குடியிருப்பு

ஐயா, கட்டுங்கள். ஆனால் பிழை உங்களில் இல்லை, உங்களை யாரென்று சொல்லிக்கொடுக்காத கழகத்தில்தான்.

போர்த்துக்கலின் பென்பிக்கா கழகத்தில் அங்கத்தவர் இலக்கம் என்பது பெரிய மரியாதை. எவ்வளவு காலமாக இருக்கிறீர்களோ அவ்வளவுக்குச் சின்ன இலக்கம். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு தடவை பட்டியலைத் திரும்ப ஒழுங்குபண்ணுவார்கள், காலமானவர்களும் விலகியவர்களும் விட்ட இடத்துக்கு மற்றவர்கள் முன்னே வருவார்கள். 25 வருடம் இருந்தவருக்கு வெள்ளிச் சின்னம், 50 வருடத்துக்குத் தங்கச் சின்னம். ஒரு நாள்கூடப் பந்து அடிக்காதவருக்கும் அது கிடைக்கும்.

எங்கள் ஊரில் இலக்கம் கொடுப்பது இவ்வளவு இலேசாக இருக்கவில்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது பதிவேடும் போய்விட்டது. மெனிக் பாம் அகதிமுகாமில் இருந்துவிட்டு வந்து, பற்றை வெட்டி, காணியெல்லாம் கண்ணிவெடி அகற்றி முடிந்த பிறகு, ஒரு பின்னேரம் பாலை மரத்துக்குக் கீழே புதுக் கொப்பி ஒன்றோடு இருந்தோம், ஞாபகத்திலிருந்து பெயர் எழுத. ஒருவர் சொல்ல மற்றவர் எழுத, நடுவில் ஒரு பெயர் வரும், எல்லாரும் பேசாமல் இருப்போம். இல்லாதவர்களை எழுதுவதா விடுவதா என்று கேட்டபோது, எங்களில் மூத்தவர், "அவங்கள் விலகேல்லை, எழுது" என்றார். எழுதினோம். எங்கே என்று தெரியாதவர்களையும் எழுதினோம். அந்த இலக்கங்களை இதுவரை வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. புதிதாகச் சேர்கிற பொடியனுக்கு முதலில் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுகிறோம்.

உங்கள் கழகத்தில் இப்படி ஒரு கொப்பி இல்லையென்றால், ஐயா, அதை எழுதக்கூடியவர் நீங்கள்தான். எந்த வருடம் யார் விளையாடினார்கள், எந்த மைதானத்தில் எந்தக் கிண்ணம் வென்றீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு பொடியனை இருத்தி எழுதுவியுங்கள். உங்களை யாரென்று முதலில் அறிந்துகொள்பவன் அவனாக இருப்பான்.

பொதுக்கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒருவர் 30 பேரைச் சேர்த்து, தானே சந்தாவும் கட்டி, தலைவராக வந்துவிட்டார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், நெடுங்கேணி

இந்த வருடம் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருடத்துக்காக யாப்பில் ஒரு வரி சேருங்கள்: சேர்ந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனவருக்குத்தான் வாக்கு, சந்தாவை அவரவரே கட்டவேண்டும். அந்த 30 பேரையும் பகையாகப் பார்க்காதீர்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள், பாதிப் பேராவது நல்ல அங்கத்தவராக நிற்பார்கள்.

உலகத்தில் அதிக அங்கத்தவர் உள்ள உதைபந்தாட்டக் கழகம் எது?
— உயர்தர மாணவன், வவுனியா

ஜேர்மனியின் பயேர்ன் மூனிக்கும் போர்த்துக்கலின் பென்பிக்காவும்தான் முன்னுக்கு நிற்கின்றன. இரண்டுமே 4 இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

மைதானத்தைத் துப்புரவாக்க அங்கத்தவரைக் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை.
— ஒரு நிர்வாகசபை உறுப்பினர், பரந்தன்

பெர்லினில் யூனியன் என்றொரு கழகம் இருக்கிறது, கிழக்கு பெர்லின் தொழிலாளர் பகுதிக் கழகம். 2004இல் காசில்லாமல் தவித்தபோது ரசிகர்கள் இரத்ததானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008, 2009இல் மைதானம் இடிந்துவிழும் நிலை வந்தது. 2,000க்கும் மேற்பட்டவர்கள் 1,40,000 மணித்தியாலம் சம்பளமில்லாமல் வேலை செய்து அதைத் திரும்பக் கட்டினார்கள். எங்கள் பாஷையில் சிரமதானம். மைதானத்துக்கு வெளியே அதன் நினைவாகக் கட்டட வேலைக்காரரின் தலைக்கவசம் ஒன்றைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

வரச்சொல்லிப் பொதுவாக அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள், அது எல்லா ஊரிலும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேலையைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "அண்ணை, கோல் கம்பம் ஒட்ட உங்கடை வெல்டிங் வேணும்", "தம்பி, உன்ரை உழவு இயந்திரத்தாலை வடக்குப் பக்கம் மட்டும் தட்டிவிடு." வெயில் ஏறமுன், காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். தேநீரும் பணிசும் கழகச் செலவு. முடிந்ததும் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, வயது பார்க்காமல், அரை மணித்தியாலம் ஒரு விளையாட்டு விடுங்கள். வேலைக்கு வராதவர்களும் அதற்கு வருவார்கள், அவர்களிடம் அடுத்த ஞாயிறுக்கு மண்வெட்டி கொண்டுவரச் சொல்லுங்கள்.