பதில்: விஆர் (மெய்நிகர்) சுவரேற்றச் செயலியில் தலைசுற்றல்

அண்ணாச்சி, நீங்கள் பாளையங்கோட்டையில் செய்யும் சுவரேற்றச் செயலியில் சோதித்தவர்களுக்குத் தலை சுற்றுகிறது, நிஜச் சுவரில் அந்தப் பயிற்சி உதவவும் இல்லை என்கிறீர்கள்.

தலைசுற்றலைச் சரிசெய்துவிடலாம். கண்ணுக்கு உடல் விழுகிறது, சமநிலையை உணரும் உள்காதுக்கோ அது அசையவே இல்லை. விழும் காட்சிக்குப் பதில் திரையைக் கறுப்பாக்குங்கள்.

பெரிய சிக்கல் கால்தான். குவெஸ்ட் 3 ஹெட்செட் கையை நன்றாகப் பின்தொடரும்; பாதத்தை ஊகிக்கத்தான் செய்யும். ஏற்றமோ காலில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பனையேறியைப் பாருங்கள், தளைக்கயிறு மாட்டிய கால்தானே அவரைத் தாங்குகிறது! அதனால் கையால் இழுத்து ஏறும் பயிற்சியை விட்டுவிட்டு, தரையில் நின்றே ஏறும் பாதையை மனப்பாடம் செய்யும் செயலியாக மாற்றுங்கள். (ஹெட்செட்டோடு நிஜச் சுவரில் யாரையும் ஏற்றிவிடாதீர்கள், சாமி!) முதலில் வேகப் போட்டிச் சுவரை வரையலாம்: 15 மீட்டர் உயரம், பிடிகளின் அமைப்பு எல்லா நாட்டிலும் ஒன்றே.