முதலில் மானிட்டரைச் சொல்லுங்கள்

கேமிங் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர், பதினெட்டு ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவர்.

கேள்வி: அக்கா, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். மெமரி 8 ஜிபியா, 16 ஜிபியா? ஒரு நண்பன் 8 போதும் என்கிறான். இன்னொருவன் 8 வாங்கினால் என்னோடு பேசாதே என்கிறான்.
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் இரண்டு பக்கம். கார்டைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாக எழுதியிருக்கிறீர்கள். மானிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான். மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்க வந்துவிட்டு அளவு தெரியாது என்று நிற்பார்கள்.

கார்டு எத்தனை புள்ளிகளை வரைந்து தள்ளவேண்டும் என்பதை மானிட்டர்தான் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தடவை வரையும் படத்துக்கு, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், முதலாவதைப் போல நான்கு மடங்கு. 1080பியில் குதித்து ஓடுகிற கார்டு 4கே திரையில் மூச்சு வாங்குவது அதனால்தான்.

இப்போது உங்கள் 8க்கும் 16க்கும் வருகிறேன். சிப்பில் வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் கணக்குப் போடும் அதே 4608 கோர்கள், மெமரிக்குப் போகிற அதே 128 பிட் பாதை. மெமரி நிரம்பாதவரை இரண்டும் ஒரே ஓட்டம். நிரம்பினால்தான் வினை. கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் கொடுத்து வாங்கும். அங்கே இடம் இல்லையென்றால் மிச்சம் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போகும். அங்கிருந்து, மதர்போர்டில் கார்டைச் செருகியிருக்கும் ஸ்லாட் வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். இந்தக் கார்டு நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 லேனை, அதாவது 8 தடத்தைத்தான் பயன்படுத்துகிறது. மதர்போர்டின் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தலைமுறையாக இருந்தால், அந்த வழியில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான் வரும். 448 எங்கே, 8 எங்கே!

இது கண்ணுக்கு எப்படித் தெரியும்? சமீபத்தில் ஒரு பையன் தன்னுடைய 8 ஜிபி கார்டோடு வந்தான். சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு, 70க்கு மேல் காட்டுகிறது. குறையே சொல்ல முடியாது. ஆனால் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. படம் கண நேரம் நின்று, பிறகு தாவுகிறது. இன்னொரு விளையாட்டில் வெட்டே இல்லை. அதற்குப் பதிலாக, சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் எழுத்து, கிட்டே போய் நின்ற பிறகும் தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்கியே இருந்தது. மெமரி போதவில்லை என்றதும் அந்த விளையாட்டு சத்தமில்லாமல் படத்தின் தரத்தை இறக்கிவிட்டது. டெக்ஸ்ச்சர் செட்டிங்கை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) அல்ட்ராவிலிருந்து ஹைக்குக் கொண்டுவந்தேன். வெட்டும் போயிற்று, எழுத்தும் தெளிந்தது. பையன் முகம்தான் தெளியவில்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம்.

ஆகவே: உங்கள் மானிட்டர் 1080பி, விளையாடுவது ஆன்லைன் ஷூட்டர்கள் என்றால் 8 போதும், முதல் நண்பன் சொல்வது சரி. 1440பி, பெரிய கதை விளையாட்டுகள், கார்டை நாலைந்து வருஷம் மாற்றப்போவதில்லை என்றால் 16தான். என்னைக் கேட்டால், பணத்தை உழைத்துச் சேர்த்த உங்களுக்கு 16ஐத்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. மெமரி மட்டும்தான் வேறு என்பது எல்லாக் கார்டுக்கும் பொருந்தாது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபிக்கு 1280 கோர்கள். அதே பெயரில் வந்த 3 ஜிபிக்கு 1152தான். ஜிடி 1030 இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 மெமரியோடு ஒன்று, சாதாரண டிடிஆர்4 மெமரியோடு ஒன்று, பெயர் ஒன்றே. இரண்டாவதன் மெமரி வேகம் முதலாவதில் பாதிகூடக் கிடையாது. டப்பாவின் முன்பக்கம் விளம்பரம்; பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கும்.

கேள்வி: புதுக் கார்டு போட்டும் விளையாட்டு பழையபடியே திக்குகிறது. போலிக் கார்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கம்ப்யூட்டரின் பின்னால் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். நானே ஒரு தடவை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் கேபிளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அது சரியாக இருந்தால் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெர்ட்ஸைப் பாருங்கள்; நொடிக்குத் திரை எத்தனை தடவை மாறுகிறது என்ற கணக்கு அது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60இலேயே ஓட்டுகிறவர்கள் நிறைய. 60இல் படம் மாற 16.7 மில்லி செகண்ட் ஆகும், 144இல் 6.9தான்.

இரண்டும் சரியென்றால் விளையாடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து கார்டின் உபயோகத்தைப் பாருங்கள். 95, 98 சதவீதம் என்று நின்றால் கார்டு முழுமூச்சாக வேலை செய்கிறது. 50, 60இலேயே நின்றால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் பிடித்து இழுக்கிறது. அந்த நிலையில் இன்னும் பெரிய கார்டு வாங்குவது வீண் செலவு.

கேள்வி: என்னிடம் இருப்பது 450 வாட்ஸ் பவர் சப்ளை. அதில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் இல்லை. மாற்று அடாப்டர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்ஸ், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. கணக்கு இவ்வளவுதான். உதாரணமாக, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட்ஸ், பழைய 3060க்கு 170 வாட்ஸ். வாட்ஸ் கணக்குப்படி உங்கள் 450 இரண்டையும் தாங்கலாம். ஆனால் 450 என்று லேபிள் ஒட்டிவிட்டு 8 பின் கேபிளையே கொடுக்காத பவர் சப்ளை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹார்டு டிஸ்க் கேபிளிலிருந்து 8 பின்னாக மாற்றுகிற அடாப்டரை ஆரம்ப காலத்தில் நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் போன்: "மேடம், ஒரு மாதிரி மீன் வாடை அடிக்குதே." போய்ப் பார்த்தால் அடாப்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, உள்ளே பின் கம்பிகள் இளகிப்போயிருந்தன. கார்டு தப்பியது அவர் அதிர்ஷ்டம். புது பவர் சப்ளையை என் கைக்காசில் வாங்கிப் போட்டேன்.

அப்படியே கேபினெட்டுக்குள் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று ஃபேன் கார்டுகளில் பல 30 சென்டிமீட்டரைத் தாண்டும்.

கேள்வி: கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கில் ஓடிய பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா, கூடாதா?

பதில்: எடுக்கலாம், சோதித்துப் பார்த்து. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையையே கைவிட்டது. அதோடு அந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ஒரே சூட்டில் ஓய்வின்றி ஓடியதால் சிப் செத்துவிடும் என்பது பயம்தான். நான் திறந்து பார்த்தவற்றில் தேய்ந்திருந்தது ஃபேனும், மெமரியின் மேல் ஒட்டிய, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும். பேடு காய்ந்து, விரலால் தொட்டால் உதிரும். அதை மாற்ற முடியும்.

விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓடவிடுங்கள். காதைக் கிட்டே வைத்து ஃபேனைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். திரையில் புள்ளியோ கோடோ மின்னினால் அந்தக் கார்டு வேண்டவே வேண்டாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு தடவை ஓட்டுங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் சூட்டி விற்கிற போலிகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும். "இப்போது கம்ப்யூட்டர் இல்லை, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி தருகிறார்கள். என்னுடைய பழைய கம்ப்யூட்டரில் போடலாமா?

பதில்: கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில், கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே சமயத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கார்டு உங்களுக்கு இல்லை. வேகம் பாதாளத்துக்குப் போகும். இருந்தாலும், ப்ராசஸர் பழையதாக இருந்தால் யோசியுங்கள். நல்ல கார்டுதான், ஆனால் புது வீட்டில் குடியேறவே அதற்கு விருப்பம்.

கேள்வி: ஃபிரேம் ஜெனரேஷன் இருந்தால் எஃப்பிஎஸ் இரட்டிப்பாகுமாமே? அப்படியானால் சின்னக் கார்டே போதாதா?

பதில்: எண் இரட்டிப்பாகும், கை இரட்டிப்பாகாது. நிஜமாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் கார்டு ஒன்றை ஊகித்துச் செருகுகிறது. இரண்டாவது ஃபிரேம் தயாராகும்வரை காத்திருந்தால்தான் நடுவில் உள்ளதை ஊகிக்க முடியும். ஆகவே நீங்கள் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி கொஞ்சம் கூடும். நிஜமாக 60, 70 வரும் கார்டில் இது அழகாக இருக்கும். 30 வரும் கார்டில் போட்டால், பார்க்க 60, பிடிக்க 30. மௌஸ் சேற்றில் போகிற மாதிரி இருக்கும்.

கேள்வி: எந்தக் கம்பெனி கார்டு, என்விடியாவா, ஏஎம்டியா?

பதில்: இந்தக் கேள்வி மட்டும் இந்த முறை பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் மாதிரி 3டி மென்பொருள் வேலையும் அதே கம்ப்யூட்டரில் உண்டு என்றால் என்விடியா. விளையாட்டு மட்டும் என்றால், உங்கள் பட்ஜெட்டில் எது கூடுதல் மெமரியும் வேகமும் தருகிறதோ அது. சண்டையை மற்றவர்கள் போடட்டும்.

கேள்வி: மேடம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கார்டு கேட்டு அடம் பிடிக்கிறான். தேர்வு முடியும்வரை கார்டு வாங்காமல் சமாளிக்க வழி உண்டா?
– ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, கம்ப்யூட்டரைத் திறந்து ராம் எத்தனை குச்சி இருக்கிறது என்று பாருங்கள். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான் வேலை செய்கிறது. அதற்குச் சொந்த மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கும். ஒற்றைக் குச்சி இருந்தால் பாதை பாதிதான். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் செருகினால் சின்ன விளையாட்டுகள் கண்கூடாக வேகம் பிடிக்கும். பெரிய விளையாட்டுகள் அப்போதும் ஓடாது. உங்களுக்கு அதுதானே வேண்டும்?