டைப்-சி கேபிள் செருகியும் மானிட்டரில் படம் வராதது ஏன்?

போன் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைத்தேன், இரண்டிலும் டைப்-சி போர்ட்தான், ஆனாலும் படம் வரவில்லை என்கிறீர்கள். நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவேன்.

டைப்-சி என்பது செருகும் வாயின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். உள்ளே என்ன ஓடும் என்பதை அது சொல்லாது. 2014இல் வந்த இந்த வடிவத்தில் 24 பின்கள் உண்டு. ஆனால் போனோடு வரும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கும் யூஎஸ்பி 2.0 என்ற பழைய தரவுப் பரிமாற்ற முறைக்கும் வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும். அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். படத்தைச் சுமக்கும் அதிவேகக் கம்பிகளே அதில் கிடையாது. இது தெரியாமல் நானும் ஒருமுறை அரை நாள் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன்!

சரி, முழு வசதியுள்ள கேபிள் போட்டும் வரவில்லையா? அப்புறம் லேப்டாப் போர்ட்டைப் பாருங்கள். அதில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்', அதாவது டைப்-சி வழியாகவே படத்தை அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் அது தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு, படம் போகும். குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வசதியே இல்லாத போர்ட் என்றால் எந்தக் கேபிளும் உதவாது. எச்டிஎம்ஐ இருந்தால் பேசாமல் அதில் செருகிவிடுங்கள்.