இலங்கை நீல மேக்பை என்ற பறவையை நேரில் பார்த்திருக்கிறீர்களா? படத்தில் தெரிகிற அளவுக்கு அழகா?

பார்த்திருக்கிறேன். படத்தைவிட அழகு. ஆனால் பார்த்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குக் குடாவ வாசல் வழியாகப் போனோம். வழிகாட்டியோடு காலை முழுக்க நடை. காலில் அட்டை, அண்ணாந்து அண்ணாந்து கழுத்தில் வலி. கெஹிபெல்லா (சிங்களத்தில் இதன் பெயர்) எங்கோ சலங்கை குலுக்கியதுபோல் சத்தம் கொடுத்ததோடு சரி, ஆளைக் காட்டவில்லை.

மறுநாள் விடிகிற நேரம், விடுதித் திண்ணையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தேன். இரவெல்லாம் எரிந்த விளக்கைச் சுற்றிச் சுவரில் அந்துப்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. ஐந்து பறவைகள் வந்து இறங்கின. உடம்பு நல்ல நீலம், தலையும் இறக்கையும் செம்பழுப்பு. அலகு, கால், கண்ணைச் சுற்றிய வளையம் எல்லாம் பவளச் சிவப்பு. நீண்ட வாலின் இறகு நுனிகளில் வெள்ளை. இவ்வளவு அலங்காரத்தோடு வந்து செய்த வேலை என்ன தெரியுமா? பூச்சியைக் காலால் மிதித்துக்கொண்டு, இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டு உடலை விழுங்கியது. கொல்லையில் காயும் கருவாட்டைக் காக்கை கொத்துமே, அதே பிடி! காக்கைக் குடும்பம்தானே. பூச்சி மட்டுமல்ல, தவளை, பல்லி, பழம் எல்லாம் தின்னும். குஞ்சுக்கு இரை கொடுக்கத் தாய் தகப்பனோடு கூட்டத்தில் உள்ள மற்றப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும்.

அந்த நீலம் சாயம் இல்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தெரிகிற நிறம். தென்கிழக்காசியக் காடுகளில் பச்சை மேக்பை என்று ஒன்று உண்டு. அதன் பச்சை, இப்படிப்பட்ட நீலத்தோடு தீனியிலிருந்து வரும் மஞ்சள் நிறமி சேர்ந்து உண்டாவது. கூண்டில் சரியான தீனி கிடைக்காவிட்டால் மஞ்சள் குறைந்து, பறவை நீலம் பாய்ந்துவிடும். அதை நீல மேக்பை என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இலங்கைப் பறவை வேறெந்த நாட்டிலும் இல்லை. ஈரவலய (மழை மிகுந்த பகுதி) காடுகளிலும் மலைக்காடுகளிலும்தான் வாழ்கிறது. அந்தக் காடுகள் வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாகிப் போனதால், அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

போகிறீர்களென்றால் காட்டோரமாகவே ஒரு விடுதியில் தங்குங்கள். விடிவதற்குள் எழுந்து, முதலில் விளக்கடிச் சுவரைப் பாருங்கள். அட்டைக் கடியெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.