கர்னெல் பாறைமுனையில் கரையிலிருந்தே டைவ்: கேள்வி பதில்

சிட்னியில் பாட்டனி பே விரிகுடா கடலோடு சேரும் இடத்தில், அதன் தெற்குக் கரைதான் கர்னெல். 1770-இல் ஜேம்ஸ் குக் இறங்கிய இடம். படகு தேவையில்லை, காரை நிறுத்தி, காற்று டேங்கை மாட்டிக்கொண்டு பாறையில் இறங்கிவிடலாம். லீப், ஸ்டெப்ஸ், மானுமென்ட் மூன்றும் இங்கே டைவ் செய்ய இறங்கும் இடங்களின் பெயர்கள். இங்கே பல வருடமாக டைவ் செய்கிறேன் என்று தெரிந்து பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

அக்கா, ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க டைவ் பயிற்சி முடித்து நாலு மாதம்தான் ஆகிறது. ‘லீப்’பில் குதிக்கலாமா? (ஹோம்புஷ்)

குதிப்பது யாருக்கும் வரும், தம்பி. ஆனால் குதித்த இடத்தில் திரும்ப ஏற முடியாது. ‘ஸ்டெப்ஸ்’ வரை நீந்தியே ஆகவேண்டும். லீப்பில் ஆழம் 20 மீட்டரைத் தொடும், உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். முதலில் ‘மானுமென்ட்’. ஆழம் குறைவு, அலையும் அடங்கியிருக்கும். அப்புறம் ஸ்டெப்ஸிலேயே இறங்கி ஸ்டெப்ஸிலேயே ஏறிப் பழகுங்கள். லீப் எங்கும் ஓடிப்போகாது.

லீப்புக்கு எந்த நேரம் சரி?

கடல்நீர் விரிகுடாவுக்குள் ஏறும் நேரம். பாறைச் சுவரை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டால் ஓட்டமே ஸ்டெப்ஸ் பக்கம் தள்ளிவிடும். வற்றும்போது குதித்தால் அதே ஓட்டத்தை எதிர்த்து நீந்தி, பாதி வழியிலேயே காற்றைத் தீர்த்துவிடுவீர்கள். பெரிய கப்பல்கள் போகும் விரிகுடா வாய் அது. நீங்கள் இருக்கும் இடத்தை மேலே காட்டும் மிதவைக் குழாய் இல்லாமல் போகாதீர்கள்.

ஏறும்போதுதான் ஒவ்வொரு தடவையும் உருட்டிவிடுகிறது. என்ன செய்வது? (வென்ட்வொர்த்வில்)

பாறைக்குப் பக்கத்தில் போய் நிற்பதுதான் பிரச்சினை. சில மீட்டர் தள்ளியே மிதந்து அலைகளைப் பாருங்கள். பெரிய அலைகள் சேர்ந்து வந்து போனபின் சற்று ஓயும்; அப்போது நகருங்கள். நீர் உங்களைத் தூக்கித் திட்டின்மேல் வைக்கும். உடனே இரண்டு கையாலும் பிடித்து, வயிறு பாறையில் படப் படுத்துவிடுங்கள். நீர் இறங்கியதும் தவழ்ந்து மேலே. நிற்க முயன்றால் பச்சைப் பாசி வழுக்கிவிடும். மூச்சுக்கான ரெகுலேட்டர் வாயிலேயே, நீந்தும் துடுப்பான ஃபின் காலிலேயே இருக்கட்டும். தவழ்வது பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

காரிலிருந்து டேங்கை இறக்குவதற்கு முன்பே கீழே போய், ஏறப்போகும் திட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். வெறுங்கையோடு நிற்கும்போதே தயக்கம் வந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். இதில் நான் கறார்.

காற்று எந்தப் பக்கம் அடித்தால் நல்லது?

தெற்கு. முனையே மறைத்துக்கொள்ளும். வடகிழக்குக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கோடைப் பிற்பகலில் அதுதான் வழக்கம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கனமழைக்குப் பின் ஜார்ஜஸ் ஆற்று நீர் கலங்கி வரும், ஒன்றும் தெரியாது.

இரண்டு தடவை போயும் சீ டிராகன் (கடல்குதிரைக்கு உறவான மீன்) கண்ணில் படவில்லையே, அக்கா?

வேகமாகப் போயிருப்பீர்கள். கெல்ப் பாசி முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில் மெதுவாகப் பாருங்கள். பாசி எல்லாம் ஒருபக்கம் சாயும்போது, சாயாமல் நிற்கும் ஒரு தண்டு தெரிந்தால் அதுதான். செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளி, கழுத்தருகே நீலக்கோடு. முதுகுத் துடுப்பு கண்ணாடிபோல, உற்றுப் பார்த்தால்தான் அசைவது தெரியும். வசந்த காலத்தில் ஆணின் வாலடியில் முட்டைகள் ஒட்டியிருக்கும், சுமப்பது அப்பாதான். படத்துக்காக மேலே விரட்டாதீர்கள், ஆழம் சட்டென மாறினால் அதற்கு ஆகாது. ஆஸ்திரேலியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர்.

சுறா உண்டா? என் மனைவி கேட்கச் சொன்னார்.

குளிர்காலத்தில் போர்ட் ஜாக்சன் சுறாக்கள் வரும். பாறையடியில் படுத்துக்கிடக்கும், நம்மைச் சீண்டாது. தங்கச்சியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீல குரோப்பர் மீன்தான் முகத்துக்கு நேரே வந்து வேடிக்கை பார்க்கும்.

5 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் (குளிர் தாங்கும் டைவ் உடை) போதுமா?

கோடையில் போதும். செப்டம்பரில் நீர் 16 டிகிரி அளவில் இருக்கும். 7 மில்லிமீட்டர் உடையும் தலைமூடியும் வேண்டும்.

மாலையில் போகலாமா?

தேசியப் பூங்கா அது. வாகனக் கட்டணம் உண்டு, இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நேரத்தைப் பலகையில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.